9ஆம் வகுப்பில் பார்வையற்ற மாணவி: தமிழ்வழிப் பாடங்களைக் கணினியில் வாசிக்க வைப்பது எப்படி?

அறிவியல்_டீச்சர்

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி, தமிழ்வழி. இந்த ஆண்டு 9ஆம் வகுப்பில் இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒரு மாணவிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. 8 வரை சிறப்புப் பள்ளியில் பிரெயிலில் படித்தவள். இன்னொரு மாணவனுக்குக் குறைபார்வை. புத்தகத்தை மூக்குக்கு அருகில் வைத்தால் எழுத்து தெரியும், கரும்பலகை தெரியாது.

கையில் இருப்பவை: விண்டோஸ் 10 மடிக்கணினி ஒன்று, ஆண்ட்ராய்டு போன் ஒன்று, ஹெட்போன், ஸ்கேனரோடு சேர்ந்த பிரிண்டர். இணையம் வரும், போகும்.

என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை (திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் மென்பொருள்) நிறுவி, கையில் உள்ள தமிழ் பிடிஎஃப்களைத் திறந்தால் ஏதேதோ ஒலிக்கிறது. நாங்களே தட்டச்சு செய்த வினாத்தாள்களும் அப்படித்தான். ஆங்கிலப் பாடம் மட்டும் ஒழுங்காக வாசிக்கிறது. குறை மென்பொருளிலா, கோப்பிலா? எங்கிருந்து தொடங்குவது? கணக்கையும் அறிவியல் படங்களையும் என்ன செய்வது? பெரிதாகச் செலவழிக்க வழியில்லை.

எழுத்துரு_மாற்றி

குறை கோப்பில்தான், டீச்சர். என்விடிஏவை மாற்றி மாற்றி நிறுவி நேரத்தை வீணாக்க வேண்டாம். முதலில் ஒரு சோதனை. கோப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். என்ன தெரிகிறது என்பதை வைத்து வைத்தியம் மாறும்.

ஆங்கில எழுத்துக் குவியலாக வந்தால், அது வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினியில் 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள்ளே ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகளாகவே கிடக்கிறது. ஜே வரும் இடத்தில் 'த' வடிவத்தை எழுத்துரு காட்டுகிறது, அவ்வளவுதான். திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கும் குறியைத்தான் வாசிக்கிறது. உங்கள் வினாத்தாள்கள் பெரும்பாலும் இந்த வகைதான்.

இதை யூனிகோடாக (எல்லா மொழி எழுத்துக்கும் தனிக் குறி தரும் பொது முறை) மாற்ற என்எச்எம் கன்வர்ட்டர் போதும்; இலவசம், இணையம் இல்லாமலும் ஓடும். மூல எழுத்துருவைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வானவில்லைப் பாமினி என்று கொடுத்தால் தமிழ் எழுத்தாகவே வரும், ஆனால் ஒரு சொல்லும் சொல்லாக இருக்காது. மாற்றிய பிறகு இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். முதலாவது, இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள். மாற்றிக்கு எது ஆங்கிலம், எது தமிழ் என்று தெரியாது. இரண்டும் ஒரே குறிகள். அறிவியல் வினாத்தாளில் வேதிக் குறியீடுகள் எல்லாம் தமிழ் எழுத்தாகிவிடும், அவற்றைக் கையால் மீண்டும் அடிக்க வேண்டும். இரண்டாவது, காற்புள்ளி. பாமினியில் காற்புள்ளி விசைதான் 'இ'. அதனால் 1,000 என்பது 1இ000 என்று வந்து நிற்கும். இலக்கத்துக்கு நடுவே 'இ' இருக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள்.

தமிழாகவே வந்து, ஆனால் கொம்பும் இணைக்கொம்பும் எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றால், அது பிடிஎஃப் செய்யும் கோளாறு. பிடிஎஃப் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடில் மெய் முதலில், உயிர்க்குறி பிறகு. இந்த வகை வந்தால் ஒரு சொல்லை இங்கே ஒட்டுங்கள், வழி சொல்கிறேன்.

எதுவுமே தேர்வாகவில்லை என்றால் அது வெறும் படம். ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க வேண்டும். ஸ்கேனரில் 300 டிபிஐ, சாம்பல் நிறத்தில் எடுங்கள். போனில் எடுத்தால் புத்தகத்தின் முதுகு ஓரம் நிழலாகி அந்த ஓரத்துச் சொற்கள் எல்லாம் கெடும். இணையம் உள்ள நேரத்தில் கூகுள் டிரைவில் ஏற்றி, வலது சொடுக்கில் கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக வந்துவிடும். பத்துப் பத்துப் பக்கமாகப் பிரித்து ஏற்றுங்கள். இணையம் இல்லாமல் செய்ய டெசராக்ட் என்ற மென்பொருள் இருக்கிறது, தமிழ் மொழிக்கோப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ஓசிஆர் எங்கே தப்பும் என்று தெரிந்தால் திருத்துவது சுலபம். காலும் 'ர'வும் மாறும். புள்ளி காணாமல் போகும், 'கல்' 'கல' ஆகும். எ ஏ, ஒ ஓ குழம்பும். கண்ணால் பிடிபடாத ஒன்று தமிழ் இலக்கங்கள்: எ இருக்க வேண்டிய இடத்தில் ௭, அ இருக்க வேண்டிய இடத்தில் ௮, உ இடத்தில் ௨. பார்க்க ஒன்று போலவே இருக்கும், வாசிப்பான் 'ஏழு', 'எட்டு', 'இரண்டு' என்று சொல்லும். பாடக் கோப்புகளில் இந்த இலக்கங்களுக்குத் தேவையே இல்லை, எனவே தேடி மொத்தமாக மாற்றலாம்.

செய்யுள் பகுதிக்கு ஓசிஆர் செய்து கஷ்டப்பட வேண்டாம். திருக்குறள் முதலான பழைய நூல்கள் மதுரைத் திட்டத்திலும் தமிழ் விக்கிமூலத்திலும் யூனிகோடிலேயே இருக்கின்றன. பாடநூலோடு பாடபேதம் மட்டும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இனிமேல் பள்ளியில் அடிக்கும் எதையும் யூனிகோடிலேயே அடிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டதே 2010இல்.

குரல்வழி

கோப்பு சரியான பிறகு குரல். என்விடிஏ கூடவே வரும் ஈஸ்பீக் என்ற ஒலிப்பானில் தமிழ் இருக்கிறது, ஆனால் உலோகத் தகட்டைத் தட்டுவது போன்ற குரல். புதிதாகக் கேட்கும் பிள்ளைக்கு முதல் வாரத்திலேயே வெறுத்துப்போகும். விண்டோஸ் அமைப்புகளில் நேரம் மற்றும் மொழி, அதற்குள் பேச்சு என்ற பகுதிக்குப் போய்த் தமிழ்க் குரலைச் சேருங்கள். 'வள்ளுவர்' என்ற பெயரில் ஒரு குரல் இறங்கும். இறக்க மட்டும்தான் இணையம் வேண்டும். பிறகு என்விடிஏ விசையோடு (இன்செர்ட் விசைதான் அது) கன்ட்ரோல், எஸ் அழுத்தி ஒலிப்பானை விண்டோஸ் ஒன்கோர் என்று மாற்றி, என்விடிஏ, கன்ட்ரோல், வி அழுத்திக் குரலில் வள்ளுவரைத் தேர்ந்தெடுங்கள். சில மாதம் பழகிய பிறகு அவளே வேகத்துக்காக ஈஸ்பீக்குக்குத் திரும்பக்கூடும். அதிவேகத்திலும் அதில் சொல் உடையாது.

முதல் நாளில் கற்றுத்தர வேண்டிய விசைகள் கொஞ்சம்தான். கன்ட்ரோல் பேச்சை நிறுத்தும். என்விடிஏ விசையோடு கீழ் அம்பு தொடர்ந்து வாசிக்கும். என்விடிஏ, டி அழுத்தினால் எந்தச் சாளரத்தில் இருக்கிறோம் என்று சொல்லும். என்விடிஏ, 1 அழுத்தினால் விசைப் பயிற்சி நிலை. எந்த விசையை அழுத்தினாலும் அதன் பெயரைச் சொல்லும், வேறெதுவும் நடக்காது. இந்த நிலையில் அவளை அரை மணி நேரம் தனியாக விட்டுவிடுங்கள்.

இப்போது கோப்பின் அமைப்பு. இதில்தான் ஆசிரியர்கள் அதிகம் தவறுகிறார்கள். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கி, அளவைப் பெரிதாக்கி விட்டுவிடுகிறார்கள். அது கண்ணுக்கு மட்டும்தான் தலைப்பு. வேர்டில் கன்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தித் தலைப்பு 1 என்ற பாணியைக் கொடுங்கள். உட்தலைப்புக்கு 2, 3. அப்படிச் செய்திருந்தால் என்விடிஏ, ஸ்பேஸ் அழுத்தி உலாவு நிலைக்குப் போய், எச் விசையால் தலைப்புக்குத் தலைப்பு தாவலாம். இல்லாவிட்டால் 'பயிற்சி வினா 4' எங்கே என்று தேட முழுப் பாடத்தையும் கேட்க வேண்டியிருக்கும்.

அச்சுப் புத்தகத்தின் பக்க எண்ணையும் அந்தந்த இடத்தில் தனி வரியாக, 'பக்கம் 47' என்று, தலைப்பு 6 பாணியில் போடுங்கள். வகுப்பில் 'பக்கம் 47ஐ எடுங்க' என்று நீங்கள் சொன்னதும் 6ஆம் எண் விசையை அழுத்தி மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து அவளும் அங்கே போய்விடுவாள். சின்ன வேலை, ஆனால் வகுப்புக்குள் அவளுக்கு இடம் கொடுப்பது இதுதான்.

அட்டவணைகளில் கட்டங்களை இணைக்காதீர்கள். எந்த நெடுவரிசைக்கு எந்தத் தலைப்பு என்று வாசிப்பான் தடுமாறும். பாடம் ஒவ்வொன்றும் ஒரு கோப்பு, பெயர் 01, 02 என்று இலக்கத்தில் தொடங்கட்டும்.

தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொடுங்கள். ஆங்கில ஒலிப்பு முறை வேண்டாம்; ஒரு எழுத்துக்கு இரண்டு மூன்று விசை அடித்து, இடையில் வாசிப்பான் உளறுவதைக் கேட்டுக் குழம்ப வேண்டிவரும். தமிழ்99இல் உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். விசைப்பலகையில் விரல் தடவும் இரண்டு மேடுகள் உண்டல்லவா? இடப்பக்க மேடு உள்ள எஃப் விசைதான் புள்ளி. வலப்பக்க மேடு உள்ள ஜே விசைதான் 'ப'. அங்கே விரலை வைத்து 'ப', அடுத்து 'ம', அடுத்து 'த' என்று சொல்லிக்கொடுத்தால் போதும். ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே விழும். விண்டோஸ் 10இலேயே தமிழ்99 இருக்கிறது, தனியாக எதுவும் வேண்டாம்.

போனில் டாக்பேக் (ஆண்ட்ராய்டின் திரைவாசிப்பான்), கூகுள் பேச்சுச் சேவையில் தமிழ்க் குரல் தரவு. ஒருமுறை இறக்கிவிட்டால் போதும். இரண்டு ஒலி விசைகளையும் சேர்த்து 3 விநாடி அழுத்தினால் டாக்பேக்கை நிறுத்தவும் தொடங்கவும் செய்யலாம், அந்தக் குறுக்குவழியை அமைப்பில் முதலிலேயே இயக்கிவிடுங்கள். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வீட்டுப்பாடத்தைக் கரும்பலகைப் படமாகப் போடாதீர்கள். தட்டச்சு செய்தோ குரல் பதிவாகவோ போடுங்கள்.

வகுப்பில் ஹெட்போன் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது உங்களுக்கு.

தொடுபுள்ளி

குரல்வழி சொன்ன எல்லாம் சரி. ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: மடிக்கணினி வந்துவிட்டது என்று பிரெயிலை நிறுத்திவிடாதீர்கள். காதால் மட்டும் படிக்கும் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டல் போய்விடும். 'மனம்', 'மணம்', 'ஏரி', 'ஏறி', 'பல்லி', 'பள்ளி' இவற்றை இயந்திரக் குரலில் கேட்டு வேறுபாடு பிடிப்பது மிகக் கடினம். விரலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில், ஆறு புள்ளிக் கட்டத்தில் மேடாக இருக்கும் புள்ளிகளின் எண்ணைச் சொன்னால், ல 1-2-3, ள 4-5-6, ழ 1-2-3-5-6. ர 1-2-3-5, ற 1-2-4-5-6. தடவியதும் தெரியும்.

அதற்காக முழுப் புத்தகத்தையும் பிரெயிலில் அடிக்கச் சொல்லவில்லை. அது பல தொகுதியாகி அலமாரியை அடைக்கும், பையில் தூக்கவும் முடியாது. பிரெயிலில் இருக்க வேண்டியவை: மனப்பாடச் செய்யுள், கலைச்சொற்கள், சூத்திரங்கள், வரைபடங்களின் பெயர்கள், கணக்குப் பாடம். மீதி உரைநடை காதுக்கு. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் பிரெயில் தாளும் சிலேட்டும் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் பிரிவு 17, இத்தகைய மாணவர்களுக்கு 18 வயது வரை புத்தகம், கற்றல் பொருள், உதவிக் கருவி எல்லாம் இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. அந்தப் பிரிவைக் குறிப்பிட்டே விண்ணப்பம் எழுதுங்கள்.

கணக்கு. சமன்பாட்டைப் படமாக ஒட்டினால் வாசிப்பானுக்கு அது வெறும் 'படம்'. சொல்லாக எழுதினாலும் எச்சரிக்கை வேண்டும். 'அ கூட்டல் ஆ வகுத்தல் இ' என்று எழுதினால் எது எதை வகுக்கிறது? கேட்பவருக்கு இரண்டு விடை கிடைக்கும். 'பின்னம் தொடக்கம், தொகுதி அ கூட்டல் ஆ, பகுதி இ, பின்னம் முடிவு' என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் ஒரே பொருள். கரும்பலகையில் எழுதும்போதும் இதே முறையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். 'இதை இங்கே கொண்டுவந்து இதோடு கூட்டினா' என்பதில் அவளுக்கு ஒன்றும் கிடைக்காது. கணக்கைப் போடுவது அவள் கையில்தான் நடக்க வேண்டும்: டெய்லர் சட்டம் (குழிகளில் கட்டைகளைப் பொருத்திக் கணக்குப் போடும் பலகை), அபாகஸ், நெமெத் என்ற கணக்குக் குறியீட்டில் பிரெயில். சிறப்புப் பள்ளியில் இவற்றில் எதைப் பழகியிருக்கிறாள் என்று முதலில் கேளுங்கள்.

வரைபடத்தாளுக்கு ஒரு தெர்மோகோல் பலகை போதும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் கோடு கீறி, அச்சுகளுக்குத் தடித்த நூல், புள்ளிகளுக்குக் குண்டூசி, கோட்டுக்கு ரப்பர் பேண்ட். வடிவியல் படத்துக்கு ரப்பர் விரிப்பின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை வைத்துப் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி வரையுங்கள், வரைந்த பக்கமே கோடு மேடாக எழும். அதனால் அவளே வரைந்து அவளே தடவிப் பார்க்கலாம். கோட்டுக்கும் கோட்டுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி. அதற்குக் குறைந்தால் விரலுக்கு இரண்டும் ஒன்றுதான்.

அறிவியல் படங்களில் எல்லாவற்றையும் தொடுபடமாக்க வேண்டியதில்லை. மின்சுற்று மாதிரி இருந்தால் சொல்லே போதும், ஆனால் பாதை வரிசையில் சொல்ல வேண்டும்: 'மின்கலத்தின் நேர்முனையிலிருந்து சாவி, சாவியிலிருந்து அம்மீட்டர், அம்மீட்டரிலிருந்து மின்தடை, மின்தடையிலிருந்து மின்கலத்தின் எதிர்முனை. வோல்ட்மீட்டர் மின்தடைக்குப் பக்க இணைப்பில்.' இதை எழுதி வைத்தால் அவளே கம்பியால் இணைத்துக் காட்டுவாள். 'மின்சுற்றுப் படம்' என்று மட்டும் மாற்று உரை (படத்துக்குப் பதிலாக வாசிப்பான் சொல்லும் விவரிப்பு) எழுதினால் எழுதாதது போலத்தான். செல், இதயம் போன்றவற்றுக்குத் தொடுபடம் வேண்டும். அப்போது வெளிக்கோடும் பெரிய பாகங்களும் ஒரு தாளில், உள் நுணுக்கம் இன்னொரு தாளில். பாடநூல் படத்தை அப்படியே மேடாக்கினால் விரலுக்குக் குப்பைமேடு போலத்தான் தெரியும்.

பெரிய_எழுத்து

குறைபார்வை மாணவனை யாரும் தொடவில்லையே. பல பள்ளிகளில் நடப்பது: ஏ4 பக்கத்தை ஏ3இல் பெரிதாக்கி ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது. அது 141 சதவீதம்தான். 11 புள்ளி எழுத்து பதினைந்தரை ஆகும். அவனுக்கு அது பெரும்பாலும் போதாது. தாளோ மேசையை விட்டு வழியும். எப்படியும் மாணவிக்காக யூனிகோடு வேர்டு கோப்பு செய்யப் போகிறீர்கள். அதையே 20 அல்லது 24 புள்ளியில், தடித்த எளிய எழுத்துருவில், ஒன்றரை வரி இடைவெளியில், பளபளப்பில்லாத தாளில் ஏ4இலேயே அச்செடுங்கள். 18, 20, 24, 28 நான்கிலும் ஒரே பத்தியை அச்சிட்டு, எதில் தடங்கல் இல்லாமல் சத்தமாக வாசிக்கிறான் என்று பார்த்து அளவை முடிவு செய்யுங்கள். மடிக்கணினியில் விண்டோஸ் விசையோடு கூட்டல் குறி உருப்பெருக்கி. கன்ட்ரோல், ஆல்ட், ஐ அழுத்தினால் நிறம் தலைகீழாகும். கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து சிலருக்குக் கூச்சம் இல்லாமல் தெரியும். உட்காரும் இடம் சன்னலுக்கு எதிரே வேண்டாம்.

பதிப்புரிமை பற்றித் தயங்க வேண்டாம். பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் 52ஆம் பிரிவில் இதற்கென்றே விலக்கு சேர்த்தது. மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, லாப நோக்கமின்றி, ஒரு நூலை அணுகத்தக்க வடிவத்துக்கு மாற்றலாம். கோப்பைப் பொதுக் குழுக்களில் எல்லோருக்கும் பரப்பாதீர்கள், அவ்வளவுதான்.

வேலையைத் தொடங்கும் முன் சுகம்ய புஸ்தகாலயாவில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான இணைய நூலகம், 2016இல் தொடங்கியது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழோடு ஓர் உறுப்பு அமைப்பு வழியாகப் பதிவு செய்ய வேண்டும்.

அறிவியல்_டீச்சர்

எல்லோருக்கும் மிக்க நன்றி. வினாத்தாள்கள் வானவில்தான், மாற்றிவிட்டேன். பாடக்குறிப்பு பிடிஎஃப்பை நோட்பேடில் ஒட்டினால் 'கொள்கை' என்பது இப்படி வருகிறது: ெகாள்ைக. இதுதான் இரண்டாவது வகையா?

எழுத்துரு_மாற்றி

அதேதான். நோட்பேட் பிளஸ் பிளஸ் நிறுவி, கோப்பை யூனிகோடாகச் சேமித்து, மாற்று (ரீப்ளேஸ்) சாளரத்தில் சுருங்குறித்தொடர் (ரெகுலர் எக்ஸ்பிரஷன்) முறையைத் தேர்ந்தெடுங்கள். தேட வேண்டியது:

(ெ|ே|ை)([க-ஹ])

மாற்ற வேண்டியது:

$2$1

அனைத்தையும் மாற்று. 'ெகாள்ைக' இப்போது 'கொள்கை' ஆகும். ஆனால் கண்ணுக்கு மட்டும்தான், உள்ளே ெ, ா இன்னும் தனித்தனிக் குறிகள். அடுத்து சாதாரணத் தேடலில் ெ, ா இரண்டும் அடுத்தடுத்து வருவதை ொ என்றும், ே, ா வருவதை ோ என்றும் மாற்றுங்கள். 'கொள்கை' வந்துவிடும்.

கையால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஔகாரத்தின் பின்பாதி 'ள' எழுத்தாகவே வந்திருக்கும்: 'வெளவால்', 'மெளனம்', 'பெளதிகம்'. கண்ணுக்குச் சரி, காதுக்கு 'வெளவால்' என்றே கேட்கும். மொத்தமாக மாற்றினால் 'வெளி', 'தெளிவு' எல்லாம் கெடும், ஆகவே சொல் சொல்லாகத் தேடி மாற்றுங்கள். இன்னொன்று க்ஷ. 'க்ஷேமம்' போன்ற சொல்லில் இரட்டைக்கொம்பு க-வோடு ஒட்டிக்கொள்ளும்.

முதல் மாற்றத்தை ஒரு கோப்பில் ஒரே ஒருமுறைதான் ஓட்ட வேண்டும்.

அறிவியல்_டீச்சர்

கடைசி வரியைக் கவனிக்காமல் இரண்டு முறை அழுத்திவிட்டேன் ஐயா. 'கேடு' 'கடேு' ஆகிவிட்டது. சேமித்து மூடியும் விட்டேன். தலைகீழாக ஓட்டினால் திரும்புமா?

எழுத்துரு_மாற்றி

முழுதாகத் திரும்பாது. இரண்டாவது ஓட்டத்தில் சொல்லின் நடுவே இருந்த குறிகள் மட்டும் நகர்ந்திருக்கும். 'கொள்கை' போலக் கடைசியில் ை வரும் சொற்களில் அதற்கு அடுத்து மெய் இல்லாததால் அது அசையாமல் நின்றிருக்கும். தலைகீழாக ஓட்டினால் அதையும் இழுத்து முன்னால் போட்டுவிடும். ஒன்று சரியாகி இன்னொன்று கெடும். பிடிஎஃப்பிலிருந்து மறுபடி நகலெடுத்து ஒட்டுங்கள். ஒட்டியதும், எதையும் மாற்றும் முன்னால், '01_மூலம்' என்று ஒரு பிரதியைத் தனியாகச் சேமித்துவிட்டு மற்றதில் வேலை செய்யுங்கள்.